எண்பது மூட்டைகளும் அத்தையின் கையெழுத்தும்

என் அத்தை மாட்டுத்தீவன ஆலையில் மூட்டை தைப்பவள். கயிற்றில் தொங்கும் தையல் மெஷினைப் பதினாறு வருடம் இழுத்து இழுத்து வலது தோள் ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. பின்னாலிருந்து பார்த்தால் யாரையோ முறைத்துக்கொண்டு போவது போலிருக்கும். முன்னாலிருந்து பார்த்தாலும் அப்படித்தான்.

ஒரு திங்கட்கிழமை முதலாளி அவளை நாற்காலியில் உட்காரவைத்து, "இனிமே நீதாம்மா தரப் பொறுப்பாளர்" என்றார். வேலை அதேதான். மூட்டை வாயில் வைத்துத் தைக்கும் மஞ்சள் அட்டையில், 'புரதம் 20 சதவீதம்' என்பதற்குக் கீழே கையெழுத்து மட்டும் கூடுதல். வீட்டுக்கு வந்ததும் என் பழைய நோட்டில் இரண்டு பக்கம் கையெழுத்துப் பழகினாள். நான் எழுந்து நின்று சல்யூட் அடித்தேன். காதைத் திருகினாள், சிரித்துக்கொண்டே.

புதன்கிழமை சாப்பாடு கொண்டுபோனபோது, அத்தையின் கையெழுத்திட்ட அட்டையோடு தைத்த எண்பது மூட்டைகள் லாரிக்காக மேடையில் வரிசையாக நின்றன. அத்தை ஒரு மூட்டையின் வாயை விரலால் அளந்துகொண்டிருந்தாள்.

"ஐம்பது கிலோ போட்டா மேல நாலு விரல் சாக்கு மிஞ்சணும். காலையிலேருந்து ரெண்டு விரல்தான் மிஞ்சுது. பிண்ணாக்கைக் குறைச்சு உமியை அடிச்சிருக்காங்கடி. உமிதான் இப்படி உப்பும்."

"அப்போ இருபது இல்லையா?"

"பத்து இருந்தா அதிகம்."

அலுவலகச் சுவரில் அரசாங்கத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. என் படிப்பு எட்டாவதோடு நின்றது. எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினேன். தீவனச் சத்தை அட்டையில் பொய்யாகக் காட்டினால் அபராதம், அல்லது சிறை, அல்லது இரண்டும். யாருக்கு? அட்டையில் கையெழுத்திட்டவருக்கு.

"அத்தே, அவர் குடுத்தது பதவி இல்ல, ஜெயிலுக்கு டிக்கெட்டு" என்றேன். இந்த முறை காதைத் திருகவில்லை.

லாரி பின்பக்கமாக வந்து மேடையில் ஒட்டி நின்றது. மூட்டைத் தையலில் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் மொத்த நூலும் ஒரே உருவலில் வந்துவிடும். அத்தை இழுத்தாள். கர்ரென்று முதல் மூட்டை வாய் பிளந்தது. அட்டையை உருவி இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்ததற்குப் போனாள்.

நாற்பது மூட்டையைத் தாண்டியபோதுதான் முதலாளி ஓடிவந்தார். "என்னம்மா பண்றே?"

"தரம் பாக்குறேங்க. பொறுப்பாளர் ஆச்சே."

"வேலை வேணுமா, வேண்டாமா?"

"வேணுங்க. ஜெயில்ல மூட்டை தைக்க விடுவாங்களான்னு தெரியல." கை நிற்கவில்லை. "சத்து சோதிச்ச தாளைக் காட்டுங்க. அதுல உள்ள எண்ணை எழுதி நானே கையெழுத்துப் போட்டுத் தைக்கிறேன். ஆறுன்னா ஆறு."

"வெளிய போ."

"போறேன். இன்னும் முப்பது மூட்டை இருக்கு."

லாரிக்காரர் எஞ்சினை அணைத்தார். "வாய் திறந்த மூட்டையை நான் ஏத்த மாட்டேன் சார், ரோடெல்லாம் உமியாப் போயிடும்."

மறுநாள் அத்தை ஒரு பிடி தீவனத்தையும் மஞ்சள் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு கால்நடை அலுவலகத்துக்குப் போனாள். புகாரை நான்தான் எழுதினேன். பிழைகளுக்கு அவள் பொறுப்பில்லை. கீழே போட்ட கையெழுத்து, நோட்டில் பழகியதைவிட நன்றாகவே வந்திருந்தது.

மேசைக்குப் பின்னாலிருந்தவர் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"நீங்க யாரு?"

வேலை போய் ஒரு நாள் ஆகியிருந்தது. அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தரப் பொறுப்பாளர்."