வலிக்கிறது என்று சொல்ல ஒரு ஆள் கேட்டேன்

சகோதரிகளே, எனக்கு முதுகில் கட்டி எடுத்தார்கள் என்றுதான் உங்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படிச் சொன்னவள் நான்தான். அது பாதிப் பொய். அல்லாஹ் எனக்குச் செய்த உதவியைச் சொல்ல வேண்டுமானால், முதலில் அந்தப் பொய்யை நான் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்குப் புற்றுநோய் வந்து இடது மார்பை எடுத்தார்கள். அது ஊருக்கே தெரியும். அரூரில் இருபது வருடமாக பிளவுஸ் தைக்கிறேன். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் மார்பளவு எடுக்கிற நான், என் பிளவுசுக்குள் வெட்டுத்துணியை உருட்டி வைத்துக்கொண்டு திரிந்தேன். தொழுகையில் குனிந்தால் அந்த உருண்டை கழுத்துக்கு ஏறிவிடும். அதைப் பிடிப்பதா, தொழுவதா? உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். நான் எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன்.

போன ஹஜ் பெருநாள் கழிந்து, சேலத்தில் ஒரு மருத்துவமனையில், முதுகுத் தசையை எடுத்து முன்பக்கம் வைத்து மார்பைத் திரும்ப உருவாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டேன். யாருக்காக என்று கேட்பீர்கள். எனக்காகத்தான். வீட்டுக்காரர் மவுத்தாகி ஆறு வருடம் ஆகிறது. நாற்பத்தெட்டு வயதில் விதவைக்கு இது எதற்கு என்று ஊர் கேட்குமே என்று என் மகள்தான் பயந்தாள். அவளை வாணியம்பாடியில் கட்டிக்கொடுத்திருக்கிறேன்.

“எங்க மாமியார் காதுல வுழுந்தா பேசியே கொன்னுடுவாங்கம்மா. முதுகுல கட்டின்னு சொல்லிடு” என்றாள்.

முதுகில் தையல் இருக்கத்தானே செய்கிறது! சொல்லிவிட்டேன்.

ஒன்பது நாள் மகள் கூட இருந்தாள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்று கிளம்பிவிட்டாள். அக்கம்பக்கத்தார் இரண்டு நாள் கஞ்சி கொண்டுவந்தார்கள். பிறகு வரவில்லை. அவர்கள்மேல் குற்றமில்லை. முதுகுக் கட்டிக்கு யார் எத்தனை நாள் விசாரிப்பார்கள்? வாசல் கதவைச் சாத்தினால் வீட்டில் நானும் துணி மூடிய தையல் மெஷினும்தான்.

வலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னால் ஒரு இறுக்கம், யாரோ கச்சையைப் போட்டு முறுக்குகிற மாதிரி. பின்னால் தையல் எரிச்சல். கையைத் தோளுக்குமேல் தூக்க முடியாது. நின்று தொழ முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து தலையை மட்டும் குனிந்து தொழுதேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா தெளிவாகத்தான் சொன்னார். “எட்டு மணி நேரத்துக்கு ஒரு பாராசிட்டமால், வலி இருந்தாலும் இல்லன்னாலும். மூச்சுப் பயிற்சி, கைப் பயிற்சி விடக்கூடாது. இந்தச் சின்ன மாத்திரை வீரியமானது. மத்ததுக்கெல்லாம் அடங்கலன்னா மட்டும் போடுங்க.”

நான் கெட்டிக்காரி இல்லையா? வலி இல்லாதபோது மாத்திரை எதற்கு என்று பாராசிட்டமாலைப் போடாமல் விட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பேன். வலி உச்சிக்கு ஏறியபிறகு பாராசிட்டமால் என்ன செய்யும்? சின்ன மாத்திரையை எடுப்பேன். முதல் வாரம் அந்த மாத்திரை எனக்குப் பெரிய உதவி. அதை நான் குறை சொல்லவில்லை. வலி வந்தது என்று போட ஆரம்பித்தேன். பிறகு மத்தியானம் வந்தது என்று போட்டேன். போட்டால் ஒரு பொழுது தெரியாமல் ஓடிவிடும். பேச ஆளில்லாத வீட்டில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தனியாக இருப்பவர்களுக்குத் தெரியும்.

மகள் தினமும் போன் செய்வாள். “வலிக்குதாம்மா?” “இல்லடி.” அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

பதினைந்தாம் நாள் மத்தியானம் லுஹர் தொழ உட்கார்ந்தேன். நான்கு ரக்அத்தில் இது இரண்டாவதா, மூன்றாவதா? தெரியவில்லை. முதலிலிருந்து தொடங்கினேன். மறுபடியும் மறந்தது. ஏழு வயதிலிருந்து தொழுகிறவள் நான். தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. மூன்றாவது முறை ஓதும்போது என் உதடு என்ன சொல்கிறது என்று திடீரென்று கவனித்தேன். ஓதிக்கொண்டிருக்கவில்லை. “வலி கொறையவே இல்லீங்க டாக்டர், இன்னொரு அட்டை எழுதிக் குடுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கப் போக வேண்டும். சின்ன மாத்திரை அட்டையில் கொஞ்சம்தான் மிச்சம். டாக்டரிடம் சொல்லப்போகிற பொய்யை, அல்லாஹ்வின் முன்னால் உட்கார்ந்து நான் ஒத்திகை பார்த்திருக்கிறேன்.

பயந்துபோனேன். நாற்காலியிலேயே அழுதேன். வலியை எடு என்று கேட்க வாய் வரவில்லை. “யா அல்லாஹ், எனக்கு வலிக்குதுன்னு சொல்ல ஒரே ஒரு ஆளைக் குடு” என்றுதான் கேட்டேன்.

அன்றைக்கு யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. என் துஆ கூரையோடு நின்றுவிட்டது என்றே நினைத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் கதவைத் தட்டிய சத்தம். எழுந்து போய்த் திறக்க எனக்கு நேரமானது. மொரப்பூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் அரூர் உழவர் சந்தைக்குக் காய் கொண்டுவரும் ராஜாமணி நின்றிருந்தாள். என்னிடம் பிளவுஸ் தைக்கக் கொடுத்திருந்தவள்.

“என்னாங்க டைலரக்கா, கதவத் தொறக்க இத்தினி நேரமா? எங்க கொழுந்தனார் வூட்டுக் கல்யாணமே முடிஞ்சிபோச்சி. என் ஜாக்கெட்டு இன்னும்…” என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். “ஒடம்புக்கு என்னாங்க?”

“முதுகுல கட்டி…” என்றேன். அதற்குமேல் அந்தப் பொய் வரவில்லை. வாசல்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டுத்துணி உருண்டையிலிருந்து டாக்டருக்கு வைத்திருந்த பொய் வரைக்கும். “ரொம்ப வலிக்குது ராஜாமணி” என்றேன். ஆபரேஷன் முடிந்து வீடு வந்தபிறகு ஒரு மனுஷியிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். “வலிக்காதுங்களா பின்ன? சதையை அறுத்து எடுத்து ஒட்டியிருக்காங்க. இத யாருக்கும் சொல்லாம வூட்டுக்குள்ளயே வெச்சிருந்தீங்களாக்கும்?” என்று திட்டினாள். அந்தத் திட்டு எனக்கு அவ்வளவு சுகமாக இருந்தது.

மாத்திரைச் சீட்டைப் பார்க்கச் சொன்னேன். அவளுக்கு அவ்வளவாகப் படிக்க வராது. நானே வாசித்துக் காட்டினேன். வலி வரும்வரை பொறுத்திருந்து போடுகிறேன் என்றதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“மாட்டுக்கு நேரத்துக்குத் தண்ணி காட்டணுங்க. அது கத்தறவரைக்கும் வுட்டுட்டு அப்புறம் குடம் குடமா ஊத்துனா ஆவுங்களா? நீங்க அஞ்சு வேளை தொழுவறவங்கதான? மாத்திரையையும் அதோட சேத்து முடிஞ்சிக்குங்க.”

நான் அன்றைக்கே நர்ஸம்மாவுக்குப் போன் செய்தேன். காலை ஐந்து, மதியம் ஒன்று, இரவு ஒன்பது. எட்டு மணி நேரக் கணக்கு ஃபஜ்ர், லுஹர், இஷாவோடு அச்சாகப் பொருந்தியது. “அதத்தானம்மா அன்னிக்கே சொன்னேன்!” என்று அவர் சிரித்தார். சாயங்காலம் அஸருக்கும் மஃரிபுக்கும் பிறகு மூச்சுப் பயிற்சியும் சுவரில் விரலால் ஏறும் கைப் பயிற்சியும். கைக்கடியில் ஒரு தலையணை. சின்ன மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தாமல் எப்படிக் குறைப்பது என்றும் அவரே சொன்னார். சகோதரிகளே, நீங்களும் டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள்.

வலி போய்விடவில்லை. ஆனால் உச்சிக்கு ஏறவில்லை. நடுவில் ஒருநாள் தாங்க முடியாமல் சின்ன மாத்திரை போட்டேன். அதற்காக வெட்கப்படவில்லை. மத்தியானங்களுக்கு ராஜாமணி வந்தாள். சந்தை முடிந்து பஸ்ஸுக்கு முன்னால் அரை மணி நேரம். தக்காளி விலையைப் பேசுவாள், மருமகளைத் திட்டுவாள், போகும்போது “இன்னிக்கி எப்பிடிங்க வலி?” என்பாள். உள்ளதைச் சொல்வேன். நான்கு ரக்அத்தும் எனக்கு மறுபடி நினைவில் நின்றன. அல்ஹம்துலில்லாஹ்.

டாக்டரைப் பார்க்கும் நாளில் மகள் கூட வந்தாள். “வலி மாத்திரை இன்னும் வேணுமா?” என்று டாக்டர் கேட்டார்.

“வேண்டாங்க. மூணு மிச்சம் இருக்குது. ஒண்ணு சொல்லணும். உங்ககிட்ட பொய் சொல்லி வாங்கறதா இருந்தேன்” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. சொன்னது நல்லதாகப் போயிற்று என்றார். மகள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பும் வழியில் பஸ் மஞ்சவாடி கணவாய் ஏறும்போது, “எங்கிட்ட தெனமும் வலிக்கலன்னுதானம்மா சொன்னே?” என்றாள்.

“நீதான்டி யாருக்கும் சொல்லாதேன்னே” என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் அழுதுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “இப்ப எங்கம்மா வலிக்குது? காட்டு” என்றாள். புடவைக்கு மேலேயே இடத்தைக் காட்டினேன். இன்று இதையெல்லாம் உங்களிடம் சொல்லச் சொன்னதும் அவள்தான்.

இப்போதும் நான் தனியாகத்தான் இருக்கிறேன். தனியாகத்தான் சாப்பிடுகிறேன். மழை பெய்தால் முதுகுத் தையல் வலிக்கிறது. ஆனால் குனிந்து, தரையில் நெற்றி வைத்து ஸஜ்தா செய்கிறேன், எதையும் பிடித்துக்கொள்ளாமல். அல்லாஹ்விடம் நான் ஒரு ஆளைக் கேட்டேன். அவன் இரண்டு பேரைக் கொடுத்தான்.

உங்களில் யாராவது வலியை வைத்துக்கொண்டு ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லிக்கொண்டிருந்தால், முதலில் அவனிடம் சொல்லுங்கள். அவன் கேட்கிறான், நான் கண்டிருக்கிறேன். பிறகு என் வீட்டுக்கு வாருங்கள். லுஹர் தொழுதபிறகு நான் சும்மாதான் இருப்பேன். எங்கே வலிக்கிறது என்று நான் கேட்கிறேன்.