அணைத்து வைத்த ரெக்கார்டர்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் ஒருவரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் எழுத எப்படித் துணிந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் ஆராய்ச்சிக்கு வந்த அந்த மேடத்தின் கையில் இருந்த ரெக்கார்டர் மனதை விட்டுப் போகவில்லை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம், கறுப்பு நிறம். பேச்சைப் பதியும்போது அதன் தலையில் ஒரு சிவப்புப் புள்ளி எரியும். ஒரு மழைக்காலம் முழுக்க அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே அவரோடு நடந்தேன்.

மலையில் இருப்பவர்கள் உடம்புக்கு முடியாதபோது ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போய்ச் சேருகிறார்கள், மனசுக்கு முடியாதபோது யாரிடம் போகிறார்கள் என்று கேட்டறிய வந்தவர் மேடம். மலைக்குக் கீழே உள்ள ஊர்க்காரர், என்னைவிட வயதில் சிறியவர். தெரியாத முகத்துக்கு யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள் என்று ஊர் நர்ஸம்மா என்னைத் துணைக்கு அனுப்பினார். காபிப் பழம் எடுக்கும் காலம் இல்லை என்பதால் எனக்கும் வேலை இல்லை. தலைச்சோலை, கரடியூர் என்று ஊர் ஊராக நடந்தோம். பஸ்ஸைப் பற்றிக் கேட்டால் எல்லோருக்கும் வாய் வந்துவிடும். மூடுபனியில் பஸ் பாதி வழியில் நின்றது, வலி எடுத்த பெண்ணோடு ஜீப்புக்குக் காத்துக் கிடந்தது, போய்ச் சேருவதற்குள் டாக்டர் கிளம்பிப் போனது என்று கொட்டுவார்கள். அடுத்து மேடம், வீட்டில் யாராவது தூக்கம் இல்லாமல், தனியாகப் பேசிக்கொண்டு, வெளியே வராமல் இருக்கிறார்களா என்று கேட்பார். முகம் மாறிவிடும். "எங்க ஊட்டுல அப்படி யாருமில்லீங்க" என்பார்கள். சொல்லிக்கொண்டே கை மட்டும் பக்கத்து வீட்டுப் பக்கம் நீளும். எந்த ஊரிலும் அந்தக் கை நீளாமல் இருந்ததில்லை.

அந்தக் கைதான் என் பயம். என் அண்ணன் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். ஒருநாள் வேலைக்குப் போகமாட்டேன் என்று உட்கார்ந்தவர், பிறகு வாசலுக்குக்கூட வரவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்படிச் சுவரிடம் மெல்லப் பேசுவார், சில சமயம் சுவர் சொன்னதற்குக் கோபித்துக்கொள்வார். கேட்டவர்களிடம் அம்மா, அவனுக்கு முதுகுவலி என்று சொல்லி வைத்திருந்தாள். எங்கள் சின்ன வயதில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைக் கயிற்றால் கட்டி வேனில் ஏற்றிப்போனதை அவள் பார்த்திருக்கிறாள். அந்த மனிதர் திரும்பி வரவேயில்லை. மேடத்தோடு நான் நடக்க ஆரம்பித்ததிலிருந்து, ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்டாலே அம்மா அண்ணன் இருந்த அடுப்படிக் கதவைச் சாத்திவிடுவாள். "உன்ற வாயில ஏதாச்சும் வந்துதுன்னா அவன் போயிருவான் கண்ணு" என்பாள்.

கொட்டச்சேட்டில் ஒருநாள் மிளகு புடைத்துக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தோம். அண்ணன் இருந்த எஸ்டேட்டில் வேலை செய்தவர் அவர் என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அந்தக் கேள்வி வந்ததும் அக்கா சிரித்தார். "ஏனுங்க மேடம், அதுக்கு எதுக்குங்க இம்புட்டு தூரம் நடக்கறீங்க? இந்தா பக்கத்துலயே நிக்கறாளே, இவ ஊட்டுல..."

முறத்திலிருந்த மிளகைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. புள்ளி அணைந்திருந்தது.

"அடுத்த ஊட்டுக் கதைய நான் எடுக்கறதில்லீங்க அக்கா. உங்க கதையச் சொல்லுங்க" என்றார் மேடம். எங்கள் பேச்சு அதற்குள் அவருக்குப் பழகியிருந்தது.

"அடுத்த ஊட்டுக் கதை இல்லாட்டி எங்களுக்குப் பொழுது எப்படிங்க போகும்?" என்று அக்கா கேட்க, மேடமும் சிரித்துவிட்டார். ஆனால் என் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. எல்லா வீட்டிலும் அவர் அப்படித்தான் அணைத்திருக்கிறார். என் வீட்டுக்காக அணைத்தபோதுதான் அது எனக்கு உறைத்தது.

மேடம் கீழே போகும் பஸ்ஸுக்காக சில்வர் ஓக் மரத்தடியில் நின்றோம். எதிரே இருந்த ரோடு பனியில் தெரியவில்லை. இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார், குடையைச் சரி செய்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லித் தப்பித்திருப்பேன். கேட்காததைத்தான் தாங்க முடியவில்லை.

"மேடம், அது அணைஞ்சுதான் இருக்குதுங்களா?" என்றேன்.

அவர் ரெக்கார்டரை எடுத்தார். பின்மூடியைத் திறந்து, இரண்டு பாட்டரிகளையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மூடினார். வெதுவெதுப்பாக இருந்தன. நான் எல்லாவற்றையும் சொன்னேன். முடிவில், "கட்டிக் கொண்டுபோயிருவாங்களா மேடம்?" என்று கேட்டேன்.

"நான் சொல்லி யாரும் வரமாட்டாங்க அக்கா. நான் டாக்டர் இல்ல, கேள்வி கேக்கற ஆளு. சேலம் பெரியாஸ்பத்திரியில இதுக்குன்னே டாக்டர் இருக்காங்க. நீங்கதான் கூட்டிட்டுப் போகணும், பக்கத்துலயே இருக்கணும்." குடையை என் பக்கம் சாய்த்து, "அண்ணனுக்குக் கூட்டம்னா பயமா? எந்த பஸ்ஸுல கூட்டம் இருக்காது?" என்றார். பஸ்ஸைப் பற்றி ஊரெல்லாம் கேட்ட கேள்வியைத்தான் என்னிடமும் கேட்டார். முதல் பஸ் என்றேன்.

இப்போது கேள்வி கேட்க வேறு கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள். போனிலேயே பதிகிறார்கள், எரிகிறதா அணைந்ததா என்று தெரிவதில்லை. அவர்களோடும் போகிறேன். யாராவது கையை நீட்டினால், "தம்பி, நிறுத்திருங்க" என்று சொல்லிவிடுகிறேன். நிறுத்தினார்களா என்ற கவலை வீடு வந்து சேரும்வரை போகாது. அண்ணன் மாத்திரை சாப்பிடுகிறார். சில மாதம் நன்றாக இருப்பார், சில மாதம் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். அப்போதெல்லாம் எனக்குப் பழைய பயம் வந்துவிடும். இதை அண்ணனிடம் கேட்டுத்தான் எழுதினேன். "எழுதிக்கோ, பேரு மட்டும் போட்றாத" என்றார்.

மரத்தடியில் நின்ற அன்று, பனிக்குள்ளிருந்து பஸ் திடீரென்று வந்து நின்றது. மேடம் ஓடிப்போய் ஏறிக்கொண்டார். நான் கையைத் திறந்து பார்த்தபோது பாட்டரிகள் என்னிடமே இருந்தன.

மறுநாள் மழையில் முதல் பஸ் வரவில்லை. அடுத்த பஸ்ஸில் அண்ணனை ஜன்னலோரம் உட்காரவைத்து சேலத்துக்கு இறங்கினேன்.