அடைக்கலம் அண்ணை குடித்துப் பார்த்த கிணறு

பழைய வீடு வாங்கப் போகிறேன், கூட வா என்று யாராவது கூப்பிட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போ, போய்ச் சுவரைப் பார், ஓட்டைப் பார், என்னை ஆளைவிடு என்பேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு அடைக்கலநாதன் அண்ணை உயிரோடு இருந்தவரைக்கும் நான் காரணம் சொல்லவில்லை. போன மாரியில் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனிச் சொல்லலாம்.

குருநகரில் எங்கள் ஒழுங்கையில்தான் அவர் வீடு. இளமையில் கடலுக்குப் போனவர், பிறகு மேசன்மாரோடு கல் சுமந்தவர். சண்டை முடிந்து சனம் திரும்பி வந்து வீடு வாசல் வாங்கத் தொடங்கியபோது, காசு கொடுக்க முதல் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டாத ஆட்கள் இந்தப் பக்கத்தில் குறைவு. சுவரைத் தட்டுவார், கூரையை அண்ணாந்து பார்ப்பார். அதெல்லாம் சுருக்காக முடிந்துவிடும். பிறகு கிணற்றடிக்குப் போவார். அங்கேதான் விசயம். பட்டினத்தில் பாதிக் கிணறு சவர்த் தண்ணீர்; குளிக்கலாம், குடிக்க ஏலாது. நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள வீட்டுக்கு விலை தனி. அண்ணை ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "மாரியிலை இனிக்கும், ஆவணியிலை சவர்க்கும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். கமிசன் வாங்கமாட்டார். தேத்தண்ணீர் கொடுத்தால் குடிப்பார். "அடைக்கலம் குடிச்ச கிணறோ?" என்று கேட்டுத்தான் சனம் விலை பேசும். அப்படி ஒரு பெயர் அவருக்கு.

பிறகு அவருக்குத் தொண்டையில் புற்று வந்தது. ஆசுப்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள், கதிர்ச் சிகிச்சையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பாதி உடம்பாகப் பிழைத்து வந்தார். அதற்குப் பிறகு ஒரு வருடமாக அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. பாவம், வருத்தக்கார மனிசனை ஏன் கரைச்சல்படுத்துவான் என்று விட்டுவிட்டார்கள்.

நான் கூப்பிட்டேன். என் மகன் றஜிந்தன் பிரான்சில் அடுப்படியில் வெந்து உழைக்கிறவன். கடற்கரையை விட்டுப் பட்டினத்துக்குள் வீடு பாருங்கோ அம்மா என்று ஒரே கரைச்சல். அப்போது ஒல்லாந்தர் காலத்து வீடு ஒன்று விலைக்கு வந்தது. முருகைக்கல் சுவர், உருண்டைத் தூண்கள், நடுவில் முற்றம். சொந்தக்காரர் கனடாவில் இருந்தார். அவருடைய மருமகன் கஜீபன்தான் வீட்டைக் காட்டினான். கேட்டது இரண்டரைக் கோடி. மகனின் உழைப்பு முழுவதையும் போட்டு, என் கடற்கரை வீட்டையும் விற்றால்தான் அதற்குக் கிட்டப் போகும். பிழைத்தால் எனக்குப் போக்கிடம் இல்லை.

"ஏன் தம்பி உந்த விலை?"

"அன்ரி, உது பரம்பரை வீடு. நல்ல தண்ணிக் கிணறும் இருக்கு."

"அடைக்கலம் அண்ணை குடிச்சுப் பாத்துச் சொல்லட்டும். அவர் ஓம் எண்டால் நீ கேட்டதைத் தாறன்."

அண்ணை வெள்ளைச் சேட்டுப் போட்டு, பெருநாள் பூசைக்குப் போகிறவர் மாதிரி வந்தார். சுவர் சுவராகத் தட்டிப் பார்த்தார். "கல்லு அசையாது. மேலை கூரை தாங்கிற ஒரு தீராந்தி மரத்தைத்தான் மாத்த வேணும்" என்றார். கிணற்றில் வாளியை விட்டு அள்ளிக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார், வழக்கத்தைவிடக் கூட நேரம்.

"நல்ல தண்ணி, பிள்ளை. கேக்கிற விலைக்குத் தகும்."

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. நானும் ஒரு கை அள்ளி வாயில் விட்டேன். சவர். சும்மா சவர் இல்லை, கடல்! கஜீபன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மனிசன் விலைபோய்விட்டார் என்றுதான் நினைத்தேன். இவ்வளவு காலமும் ஒரு சதம் வாங்காதவர், ஒழுங்கைக்காரி என்னிடமா கைவைக்க வேண்டும்? நாளைக்குச் சொல்கிறேன் என்று கஜீபனிடம் சொல்லிவிட்டு, அந்தத் தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டு வந்தேன். பின்னேரம் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கோயிலுக்குப் போயிருந்தார். மனைவி யோசப்பின் அக்காதான் குசினியில் நின்றார். போத்தலை மேசையில் குத்தி வைத்தேன்.

"அக்கா, உங்கடை மனிசன் கஜீபனிட்டை எவ்வளவு வாங்கினவர்? குடிச்சுப் பாருங்கோ உதை!"

அக்கா ஒரு மிடறு குடித்தார். அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

"கத்தாதை கௌரி. அவருக்கு உப்புத் தெரியாது."

"என்ன?"

"கரண்ட் வைச்ச பிறகு நாக்குச் செத்துப்போச்சு. உப்பும் தெரியாது, சீனியும் தெரியாது. ஆருக்கும் சொல்லேல்லை, எனக்கும் சொல்லேல்லை. ஒருநாள் குழம்புக்கு உப்புப் போட மறந்திட்டன். நல்லாயிருக்கெண்டு சாப்பிட்டார். அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது."

"நீங்கள் கேக்கேல்லையோ?"

"என்னெண்டு கேக்கிறது? இப்பவும் சோறு போட்டால் உப்புக் காணுமோ, போதுமோ எண்டு கேப்பன். காணும் எண்டுவார். அது அப்பிடியே போகட்டும் எண்டு விட்டிட்டன்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. மாதாவே, அழுகைதான் வந்தது. போத்தலை எடுத்துக்கொண்டு எழும்ப, வாசலில் அவர்.

"என்ன பிள்ளை, காசு குடுத்தாச்சோ?" முகமெல்லாம் சிரிப்பு.

"இல்லை அண்ணை. மகனுக்குக் காசு சரிவரேல்லையாம்."

அவர் என் கையிலிருந்த போத்தலைப் பார்த்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"உப்போ?"

நான் போத்தலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"சொல்லு பிள்ளை. உப்போ?"

"ஓம் அண்ணை."

சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இருந்தார்.

"குளிர்ந்து கிடந்தது பிள்ளை. அந்தக் குளிர் மட்டும்தான் வாயிலை தெரிஞ்சுது. முந்தி நல்ல தண்ணியும் அப்பிடித்தான் குளிரும். இவ்வளவு நாளைக்குப் பிறகு ஒராள் கூப்பிட்டிருக்கு, எனக்குத் தெரியேல்லை எண்டு சொல்ல மனம் வரேல்லை. உன்னை நடுத்தெருவிலை விடப் பாத்திட்டன்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்: "கஜீபனிட்டைப் போ. தண்ணி உப்பெண்டு சொல்லி விலையைக் குறை. அடைக்கலத்துக்கு நாக்கு இல்லை எண்டும் சொல்லு."

நான் சொல்லவில்லை. எனக்கு அந்த வீடும் வேண்டாம், விலைக்குறைப்பும் வேண்டாம். மகன் மறித்துவிட்டான் என்று கஜீபனிடம் சொல்லி முடித்துக்கொண்டேன். இப்போதும் அதே கடற்கரை வீட்டில்தான் இருக்கிறேன்.

அன்றைக்கு அக்கா என்னையும் போக விடாமல் இருத்திச் சோறு போட்டார். மீன்குழம்பு. அண்ணை குனிந்தபடி பிசைந்து சாப்பிட்டார். அக்கா வழக்கமாகக் கேட்பதைக் கேட்கவில்லை. அகப்பையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அண்ணைதான் நிமிர்ந்தார்.

"யோசப்பின், உப்புக் காணுமோ?"

அக்கா அவருடைய சோற்றுக் கோப்பையிலிருந்தே ஒரு வாய் எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, "காணும்" என்றார்.