சந்திரம்மாவும் வீணாய்ப் போன ஆவியும்

திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போய், நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்ட வருடம் அது. நகரி ரைஸ்மில்லில் நெல் அவிக்கும் சந்திரம்மாவுக்கு அந்த எல்லைக்கோடு ஒரு பொருட்டே இல்லை. அவள் மண்டையைக் குடைந்தது ஒரு குழாய்.

உமியை எரித்துக் கொதிகலனில் ஆவி உண்டாக்குவார்கள். அந்த ஆவியில் எஞ்சின் ஓடும். எஞ்சின் நெல்லைக் குத்தும், டைனமோவைச் சுற்றி ஆறு பல்புகளையும் எரியவைக்கும். வேலை முடிந்த ஆவி, குழாய் வழியே கூரைக்கு மேல் புஸ்ஸென்று போய்விடும்.

"இவ்ளோ சூடு சும்மா போய்க்கினு கீதே, யாருக்கு?" என்று பார்க்கிறவர்களையெல்லாம் கேட்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பின் மேல்தான் எனக்குக் கோபம். பதில் தெரிந்தவன் ஒருவன்கூட இல்லை.

முதலாளி நாகபூஷணம் ரேணிகுண்டா போயிருந்த ஒருநாள், ஃபிட்டர் சிவசங்கரனை நச்சரித்து அந்த ஆவியை நேராக நெல் தொட்டிக்குள் விட்டாள். நாராயணவனத்துக் கல்யாணத்துக்கான நெல் அது. பந்தியில் சோறு எண்ணெய் நாற்றம் நாறியது. எஞ்சினுக்கு விடும் எண்ணெய் ஆவியோடு கலந்து வரும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

"நாளையிலேருந்து வேலைக்கு வராதே!" என்றார் முதலாளி.

அந்த வேலை இல்லையென்றால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தவளுக்குப் பாதி வழியில் அழுகை நின்றது. தினமும் அதே குழாயின் வளைவில்தான் தூக்குச்சட்டியை வைத்துக் கஞ்சியைச் சுடவைப்பாள். கஞ்சி ஒருநாளும் நாறியதில்லை. அப்படியானால் நாற்றம் ஆவியில்தான், சூட்டில் இல்லை!

மறுநாள் ஒரு மரக்கால் நெல்லோடு மில்லில் வந்து நின்றாள்.

"வேலைக்கு வரல மொதலாளி. என் வூட்டு நெல்லு, குத்த வந்தேன்."

வந்த கிராக்கியை எப்படி விரட்டுவது? முதலாளி சாப்பிடப் போன நேரம் பார்த்து, அவள் சொன்னபடி சிவசங்கரன் குழாயை ஒரு பீப்பாய்த் தண்ணீருக்குள் நுழைத்து மறுபக்கம் வெளியே விட்டான். ஆவி தண்ணீரில் படவில்லை, சூடு மட்டும் இறங்கியது. அவிக்குமுன் பச்சைத் தண்ணீரில் மூன்று நாள் ஊறவேண்டிய நெல், அந்த வெந்நீரில் சாயங்காலத்துக்குள் ஊறிவிட்டது. மறுநாள் அவித்து, காயவைத்து, குத்தி, சோறாக்கி முதலாளி முன் வைத்தாள்.

அவர் மோந்து பார்த்தார். ஒரு வாய் தின்றார். எண்ணெய் மட்டுமல்ல, வழக்கமான ஊறல் வாடைகூட இல்லை. இலையைக் காலி செய்தார்.

"நாளைக்கு வேலைக்கு வா. பெரிய தொட்டிக்கும் குழா போடணும். ஆனா இனிமே எங்கிட்ட சொல்லாம எதையும் தொடாதே."

"சொல்லியிருந்தா வுட்டிருப்பீங்களா, மொதலாளி?"

அவர் கை கழுவ எழுந்து போனார்.