நாலு ஓம் பெட்டியும் நான் சொன்ன பொய்யும்

எங்கள் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது வாட்ஸ் எவ்வளவு என்பதைத்தான். ஓம், அதாவது ஸ்பீக்கரின் மின்தடை, எவ்வளவு என்று கேட்ட ஒருவரையும் செஞ்சி கடைத்தெருவில் நான் பார்த்ததில்லை. அதைக் கேட்க வேண்டியவன் நான். கேட்காமல் விட்ட ஒரு தடவையைப் பற்றி எழுதுகிறேன். எழுதும்போதே காது சுடுகிறது.

என் டிவி, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். படித்து வந்த தொழில் இல்லை. கருகிப்போன போர்டுகளும் செல்போன் வீடியோக்களும்தான் எனக்கு வாத்தியார். வாய் மட்டும் நீளம். வருகிறவர்கள் சொல்லும் சொலவடைகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டு அடுத்து வருபவரிடம் எடுத்து விடுவேன். ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் பொருத்தம் பார்ப்பதைக்கூட "விரலுக்கேத்த வீக்கம்ணே" என்றுதான் விளக்குவேன். அதைக் கேட்டு அவர்கள் சிரித்துவிட்டால் பாதி வியாபாரம் முடிந்தது.

அவலூர்பேட்டை சாலையில் ஒரு கிறிஸ்தவக் கிராமம். அங்கே ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருக்கிறார். பழைய சினிமாப் பாட்டு என்றால் சோறு வேண்டாம் அவருக்கு. அவருடைய மைத்துனர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து போட்ட இரண்டு ஜோடி ஸ்பீக்கர் பெட்டிகள் வீட்டில் சும்மா கிடந்தன. அவற்றுக்குத் தோதாக ஒரு ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்றார். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின வாரம் கொண்டுபோய் மாட்டினேன்.

"முன்னாடி ரெண்டு பாடுது சரி. பின்னாடி ரெண்டும் பாடணுமே தம்பி."

"பாட வெச்சிட்டா போச்சு" என்று சொல்லி, இரண்டு ஜோடியையும் ஒரே முனையில் சேர்த்துக் கட்டினேன். ஆம்ப்ளிஃபயரின் முதுகில் ஆறு ஓமுக்குக் குறையக் கூடாது என்று போட்டிருந்தது. பெட்டியின் முதுகில் என்ன போட்டிருந்தது என்று திருப்பிப் பார்க்கவில்லை. எட்டாக இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். எட்டாகவே இருந்தாலும், இரண்டைச் சேர்த்துக் கட்டினால் நாலாகிவிடும், அதுவும் தப்புத்தான். ஓம் குறையக் குறைய ஆம்ப்ளிஃபயர் கூடுதல் கரண்ட்டைத் தள்ள வேண்டும். ஒற்றை மாட்டை இரண்டு நெல் வண்டியில் பூட்டின கதை. பேச்சு மும்முரத்தில் இருந்தேன்.

அன்றைக்கு அவர் ஒன்று சொன்னார். மகளுக்குத் தலைப் பிரசவம், ரத்தக் கொதிப்பு இருக்கிறதென்று டாக்டர் பயமுறுத்தியிருக்கிறார். அதனால் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் பாஸ்கா வரைக்கும் சினிமாப் பாட்டே கேட்பதில்லை என்று வேண்டிக்கொண்டிருக்கிறார்.

"அதுவரைக்கும் உங்கக்கா வெக்கிற ஜெபப்பாட்டுதான். தொண்டையில துணி அடைச்ச மாதிரி இருக்கப்போவுது" என்று சிரித்தார்.

மூன்று வாரம் கழித்து அவர் மனைவி, அந்த அக்காவே, போன் செய்தார், புகை வருகிறதென்று. போய் மூடியைக் கழற்றினேன். கருகல் வாடை. காற்றுப் புகாத அலமாரிக்குள் மணிக்கணக்கில் ஓடியிருக்கிறது. ஒயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பெட்டியைத் திருப்பினேன். நாலு ஓம். இரண்டு பெட்டியைச் சேர்த்துக் கட்டினால் ரெண்டு ஓம்தான்.

"புதுசுதானே தம்பி, ஏன் இப்டி ஆச்சு?" என்றார் அக்கா.

"சத்தத்த முழுசா வெச்சு ஓட்டியிருக்காங்கக்கா."

யோசித்துச் சொன்னதில்லை. கடைக்காரன் வாயில் தானாக வருகிற பதில் அது.

"நான் சன்னமாத்தானே வெப்பேன்?" என்றவர், கணவர் பக்கம் திரும்பினார். "நான் கழனிக்குப் போன நேரத்துல இன்னா பண்ண?"

"நான் அதத் தொடவே இல்லம்மே."

அங்கேயே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "நெருப்பில்லாம புகையுமாண்ணே" என்று சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. "வயித்துப் புள்ளக்காரிக்கு நேந்துகிட்டு..." என்று பாதியிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

எங்கள் சமண வீட்டில் பொழுது சாய்ந்தபின் அம்மா வாயில் ஒரு பருக்கை போகாது. இருட்டில் தின்றாள் என்று யாராவது சொன்னால் அவள் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இப்படிச் செய்தேன்.

பத்து நாள் கழித்து, சரிசெய்த ஆம்ப்ளிஃபயரோடு போனேன். பின் ஜோடியைச் சத்தமில்லாமல் கழற்றி, முன் ஜோடியை மட்டும் இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றன்பின் ஒன்றாக வருகிற மாதிரிக் கட்டி, எட்டு ஓம் ஆக்கிவிட்டு வந்துவிடலாம் என்பது திட்டம். மிச்ச ஒயரைச் சுருட்ட டிரைவர் அண்ணன் கை கொடுத்தார். ஆள் இளைத்திருந்தார்.

"ஞாயித்துக்கிழம பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன் தம்பி. வேண்டுதல மீறிப் பாட்டு கேட்டுட்டேன்னு பங்குச் சாமியார்கிட்ட சொல்லிட்டேன்."

"கேட்டீங்களாண்ணே?"

"கேக்கல."

"அப்புறம் ஏன்?"

"நீ சொல்லிட்டியே. மெஷினு தெரிஞ்சவன் சொல்றதத்தான நம்புவாங்க. அவ பத்து நாளா மொகம் குடுத்துப் பேசல. நாளைக்குப் பொண்ணுக்கு ஒண்ணுன்னா, அப்பன் பண்ண பாவம்னு ஒரு சொல்லு வந்துடக் கூடாது பாரு. மன்னிப்பு வாங்கி வெச்சுக்கினா நல்லதுதானே."

செய்யாத பாவத்துக்கு மண்டியிட்டிருக்கிறார். அதற்கப்புறம் என்னால் அங்கே வேலை செய்ய முடியவில்லை.

அக்காவைக் கூப்பிட்டேன். பெட்டியைத் திருப்பி, நாலு என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்தேன்.

"இத நான் பாக்காம கட்டிட்டேங்கா. மெஷினு வெந்தது என்னால. அண்ணன் தொடல."

"அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். கணவரிடம் திரும்பினார்.

"நீ ஏன்யா சொல்லல?"

"சொன்னேனே. பத்து நாளா அதத்தான சொன்னேன்."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகினார். பிறகு செருப்பை மாட்டினார். "வாய்யா, சாமியார்கிட்ட போவலாம்." வாசலில் நின்று என்னைப் பார்த்தார். "நீயும் வா."

கோயில் தெருவில் மூவரும் வரிசையாக நடந்தோம். பம்படியில் இருந்தவர்கள், "இன்னாக்கா, டிவி ரிப்பேர்க்காரன இட்டுக்கினு கோயிலுக்குப் போற?" என்றார்கள். அக்கா நடையை எட்டிப் போட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

சாமியார் இளவயதுக்காரர். கோயிலை ஒட்டிய தன் பங்களா வராந்தாவில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"சொல்லு தம்பி" என்றார் அக்கா.

"சாமி, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஓம்னு ஒரு கணக்கு உண்டு..." என்று ஆரம்பித்தேன்.

"அந்த ஓமெல்லாம் வேணாம்" என்றார் அக்கா. "நீ சொன்ன பொய்யச் சொல்லு."

சொன்னேன்.