வாக்கைப் பெற்றுக்கொண்டவர்: சாரங்கபாணி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எங்கள் ஆபீசுக்குக் கும்பகோணத்திலிருந்து தந்தி வந்தது. கப்பல் வரும் செய்தியாக இருக்கும் என்று நினைத்துப் அசட்டையாகப் பிரித்தேன். 'சாரங்கபாணி காலமானார்' என்று இரண்டே வார்த்தைகள். எதையும் முழு விவரத்தோடு எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவருக்கு இவ்வளவு சுருக்கமான செய்தியா என்று எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அழுகை மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது வந்தது.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். தூத்துக்குடியில் கரையோரம் ஆழம் இல்லை. பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளித்தான் நங்கூரம் போடும். சரக்கு தோணியில் போய்வரும். கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தாவான நான், படகில் போய் கேப்டன்களிடம் காகிதங்களில் கையெழுத்து வாங்கி வருபவன். சாரங்கபாணி அவர்கள், சங்கு குளிப்பைக் கவனிக்கிற சர்க்கார் ஆபீசில் மொழிபெயர்ப்பாளர். யுத்தம் முடிந்த கையோடு இங்கே மாற்றலாகி வந்தார். கடலை முதல்முதலாகப் பார்த்ததும் கைகூப்பினார். படகில் முதல்முதலாக ஏறியதும் வாந்தி எடுத்தார். இரண்டு பழக்கத்தையும் அவர் கடைசிவரை விடவில்லை.

வந்த முதல் வாரமே அவர் கைக்கு ஒரு மனு வந்தது. சங்கு குளிக்கிறவர்களின் தலைவர் சந்தியாகு கொடுத்தது. நங்கூரம் போட்ட கப்பல்கள், அடித்தட்டில் தேங்கும் எண்ணெய்த் தண்ணீரைக் கடலிலேயே இறைத்துவிடுகின்றன. அது பாரின் மேல், அதாவது சங்கும் முத்துச்சிப்பியும் வளரும் கடலடித் திட்டின் மேல், படலமாக மிதக்கிறது. மூழ்கி எழுகிறவர்களுக்குக் கண் எரிகிறது. முத்துச் சலாபம் என்கிற முத்துக்குளிப்பு நடந்து வெகுகாலம் ஆகிவிட்ட நிலையில், இப்போதுதான் சிப்பிக் குஞ்சுகள் மறுபடி தென்படுகின்றன. அவையும் செத்துவிடும் என்று அவர்களுக்குப் பயம். மனுவிலோ இதையெல்லாம் விரித்து எழுதவில்லை. 'நாங்கள் குளிக்கிற இடத்தில் எண்ணெய் மிதக்கிறது, சர்க்கார் தயவு பண்ண வேண்டும்' என்று மட்டும் இருந்தது.

கும்பகோணத்தில் பிறந்தவருக்குக் குளிக்கிற இடம் என்றால் படித்துறைதானே. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் துறையில் எண்ணெய் மிதப்பதாகக் கண்ணியமான இங்கிலீஷில் எழுதி மேலே அனுப்பிவிட்டார். மேலே இருந்தவர்கள் அதைச் சுகாதார இலாகாவுக்குத் தள்ளினார்கள். ஒரு மாதம் கழித்து ஓர் ஆள் வந்து கரை முழுக்க பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனான்.

மறுநாள் சந்தியாகு நேரே ஆபீசுக்கு வந்துவிட்டார். நானும் வேறு வேலையாக அங்கே இருந்தேன்.

"சாமி, நாங்க ஒடம்பு அழுக்குக்கா குளிக்கோம்? சங்குக்குல்லா குளிக்கோம்" என்றார்.

சாரங்கபாணி அவர்கள் மனுவின் நகலை எடுத்துத் திரும்பத் திரும்பப் படித்தார். மனு எழுதியவன் சரியாக எழுதவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாமே என்று பக்கத்து மேஜைக்காரர் கிசுகிசுத்தார். அதற்குச் சாரங்கபாணி அவர்கள் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது.

"மனு சரியாத்தான் இருக்கு. எனக்குத்தான் தமிழ் தெரியலை."

அன்றே மேலிடத்துக்கு, 'பிழை என்னுடையது' என்று தொடங்கி நான்கு பக்கம் எழுதினார். அதற்குப் பலனாக அவருடைய பிரமோஷன் நின்றுபோயிற்று. தப்பை மூடிமறைத்தவர்களெல்லாம் மேலே போனார்கள், ஒத்துக்கொண்டவர் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான்கு பக்கக் கடிதத்துக்கும் பதில் வந்தது. கரையிலிருந்து மூன்று மைல் வரைதான் சர்க்காரின் சட்டம் செல்லும். அதற்கு அப்பால் போகிற அந்நியக் கப்பலைத் தடுக்க எந்த நாடும் எந்த ஒப்பந்தமும் செய்துகொள்ளவில்லை என்றது பதில். பாரோ மூன்று மைலுக்கு அப்பால் கிடந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னைத் தேடி வந்தார். "சட்டம் இல்லேன்னா போறது. கேப்டனுக்குக் கை இருக்கோல்லியோ? கையெழுத்துப் போடச் சொல்லுவோம்" என்றார். ஒரு தாள் தயாரித்திருந்தார். இந்தக் கப்பலின் எண்ணெய்த் தண்ணீரைப் பாரைத் தாண்டி ஆழக்கடல் போகும்வரை இறைக்கமாட்டேன் என்ற வாக்கு. கீழே கேப்டனின் கையெழுத்துக்கு ஓர் இடம். அதற்கும் கீழே, 'வாக்கைப் பெற்றுக்கொண்டவர்' என்று ஓர் இடம். ஆபீசில் யாரும் அதில் கையெழுத்திட முன்வராததால் தம் பெயரையே போட்டுக்கொண்டார்.

சிரித்துக்கொண்டேதான் அவரைக் கூட்டிப்போனேன். கிரேக்க நாட்டுக் கப்பல் அது. கேப்டன் தாளைப் படித்துவிட்டு, மூன்று மைலுக்கு அப்பால் கடல் யாருக்கும் சொந்தமில்லையே என்று கேலியாகக் கேட்டார். வாந்தி எடுத்துக் களைத்திருந்த நம் மனிதர் கம்பியைப் பிடித்துக்கொண்டே, "உமக்கும் சொந்தமில்லைதானே? பிறகு யாரைக் கேட்டு அழுக்காக்குகிறீர்?" என்றார். கேப்டன் பேனா கேட்டார்.

அதன்பின் நார்வே, டச்சு, பிரிட்டிஷ் என்று எத்தனையோ கொடிகள். மறுத்தவர்களும் உண்டு. வாக்குக் கொடுத்துவிட்டு இறைத்தவர்களும் உண்டு. ஆனாலும் அந்த வருஷமே தண்ணீர் தெளிய ஆரம்பித்தது என்று குளிக்கிறவர்கள் சொன்னார்கள்.

ஒரு நாள் சந்தியாகு தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று விசாரித்தார். நான் படித்துச் சொன்னேன்.

"அப்பம், ஆழக்கடல்ல கொண்டு விடச் சொல்லுதீய. அங்கன வலை போடுதவன் என்ன செய்வான், சாமி?"

சாரங்கபாணி அவர்கள், அமெரிக்காவில் கடலுக்குள்ளேயே கிணறு தோண்டி எண்ணெய் எடுக்கிறார்கள் என்று அந்த வாரப் பத்திரிகையில் படித்திருந்தார்; அழுக்கு இனிக் கப்பலோடு நிற்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. "நீர் கேக்கறது சரி. அதுக்கு என் காகிதம் போறாது. எல்லா தேசமும் ஒரே மேஜையில உக்காந்து கையெழுத்துப் போடற காகிதம் வேணும். போடுவா, சந்தியாகு. இத்தனை கேப்டன் போட்டானே" என்றார். அவர் அதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். நானும் நம்புகிறேன்.

போன வருஷம் ஓய்வு பெற்று ஊருக்குப் போகையில், தாம் முன்கூட்டியே கையெழுத்திட்ட புதுத் தாள்களை ஒரு கட்டு என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். தந்தி வந்த வாரத்தில் ஒரு டச்சுக் கப்பல் நங்கூரம் போட்டது. சந்தியாகு தாமும் வருவதாகப் படகில் ஏறிக்கொண்டார். அந்தக் கட்டில் இன்னும் தாள்கள் இருந்தன. நீட்டியிருந்தால் கேப்டனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் அவருடைய காகிதத்தில் எப்படிப் பொய் சொல்வது? இதில் கையெழுத்திட்டிருப்பவர் இறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டேன்.

கேப்டன் தொப்பியைக் கழற்றினார். "அப்படியானால் நான் யாரிடம் வாக்குக் கொடுப்பது?" என்று கேட்டார்.

நான் அதைத் தமிழில் சொன்னதும் சந்தியாகு பேனாவுக்குக் கையை நீட்டினார். சாரங்கபாணி என்ற பெயரை அடித்துவிடலாமா என்று கேப்டன் கேட்டார்.

"அது கெடக்கட்டும். அவிய கேட்டவிய. நான் வாங்கிக்கிடுதேன்" என்று சொல்லி, பேனாவை இறுகப் பிடித்து, அந்தப் பெயருக்குக் கீழே ஒவ்வோர் எழுத்தாகத் தம் பெயரை எழுதினார். எழுதி முடிக்கும்வரை கேப்டன் நின்றுகொண்டே இருந்தார்.

போய் வாருங்கள், சாமி. மூன்றாம் நாள் அந்தக் கப்பல் பாரைக் கடந்து போனதை நாங்கள் இருவரும் படகிலிருந்து பார்த்தோம். அதன் பின்னால் வெறும் தண்ணீர்தான் கிடந்தது.