மிஸ்ட்டு என்று நாங்கள் சொன்ன புகை

வண்டிப் புகைக்கு அளவு வைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று வாதாடிய அரசு வக்கீலே, என் மனைவியின் மூச்சை நெரிப்பவர்களில் நீங்களும் ஒருவர்.

எங்கள் வீடும் டீக்கடையும் குன்னூருக்குக் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவில் இருக்கின்றன. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டி ஒவ்வொன்றும் இங்கேதான் கியரைக் குறைத்து உறுமும். பனிமூட்டமோ வேறெதுவோ, வெள்ளையாக எது படர்ந்தாலும் மிஸ்ட்டு என்போம். மலையில் பிறந்தவர்களுக்கு வேறு வார்த்தை வாயில் வராது.

போன கோடை சீசனில், சுற்றுலா வண்டிகள் ஏறிக்கொண்டிருந்த ஒரு காலை. "ஏனுங்க, மிஸ்ட்டு எறங்கிருச்சு. சன்னலைச் சாத்துங்க" என்றாள் மனைவி. வெளியே நல்ல வெயில். கீழே சமவெளி வரை துல்லியமாகத் தெரிந்தது. எங்கள் வளைவில் மட்டும் அது அசையாமல் நின்றது. சாத்தப் போன கையில் சன்னல் சட்டத்துக் கரி ஒட்டியது. மிஸ்ட்டு ஈரம்தான் விடும். இத்தனை வருடம் அவள் இருமலைக் குளிர் என்று சொல்லிக் கம்பளி போர்த்தியிருந்தோம்.

அன்று கடைக்கு வந்த வேன் டிரைவரைப் பிடித்துக்கொண்டேன்.

"பொகை சர்டிபிகேட் பக்காவா இருக்குதுங்கண்ணா. கீழ நிறுத்தி வெச்சுப் பாத்துத்தான் குடுத்தாங்க."

"நிறுத்தி வெச்சா என்ர ஊட்டுக்காரிகூட இருமறதில்ல தம்பி. மேடு ஏறச் சொல்லிப் பாரு."

அவன் சிரித்தான். உள்ளே அவள் இருமினாள். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான்.

அதன் பிறகுதான் வழக்குப் போட்ட ஊர்க்காரர்களோடு சேர்ந்தேன். மலைப்பாதைக்குத் தனி அளவு வேண்டும், மேடு ஏறும்போது சோதிக்க வேண்டும். கேட்டது இவ்வளவுதான். அளவு வைப்பது அரசின் வேலை, நாடு முழுக்க ஒரே அளவு, நீதிமன்றம் அதில் கைவைக்கக் கூடாது என்றீர்கள். காற்றைக் காக்கத்தானே சுற்றுச்சூழல் சட்டம், காக்க வேண்டியவர்கள் சும்மா இருந்தால் நீதிமன்றமும் சும்மா இருக்க வேண்டுமா என்று நீதிபதி கேட்டார். நீங்கள் வாய்தா வாங்கிக்கொண்டீர்கள்.

அவளுக்கு வாய்தா கிடையாது. இன்னொரு சீசனை அவள் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போதெல்லாம் சன்னல் சாத்தியிருக்கும்போதே "மிஸ்ட்டு உள்ள வந்துருச்சுங்க" என்கிறாள். நான் பார்க்கிறேன். அறையில் ஒன்றுமில்லை. வெளியே சீசன் வண்டிகள் வளைவுக்கு வளைவு வரிசை கட்டத் தொடங்கிவிட்டன.

அடுத்த வாய்தாவுக்கு வருவேன். எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். நீதிமன்றம் வைக்கக் கூடாது, அரசு வைக்காது என்றால், இந்தப் புகைக்கு அளவு வைப்பது யார்?